வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களும் 11ஆம் நம்பர் பிளேடும்

பழைய புத்தகங்களை வெட்டியும் குடைந்தும் சிற்பமாக்குகிறேன். இதற்குள் நான் வந்த கதை ஒரு புயலில் தொடங்குகிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்றுக்கு எங்கள் வீட்டில் நாலைந்து ஓடு போனதோடு சரி. தானே புயலைப் பார்த்தவர்கள் என்பதால் மனசு ஓரளவு தைரியமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வந்த தண்ணீரைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சாத்தனூர் அணையில் திறந்துவிட்டது தென்பெண்ணையில் பெருகி வந்து, கடலூரில் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிற தெருக்களுக்குள் புகுந்தது. எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. அரிசி, மிக்ஸி, துணிமணி, பிள்ளைகளின் சர்டிஃபிகேட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கட்டில்மேல் ஏற்றினோம். மாமாவின் புத்தக அலமாரி ஒருவர் ஞாபகத்துக்கும் வரவில்லை.

மாமா என்றால் என் மாமனார். கடலூர் கோர்ட்டில் முப்பத்து நான்கு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஆபீஸில் கழித்துக் கட்டும் பழைய சட்டப் புத்தகங்கள், யாரோ வீடு காலி செய்யும்போது கொடுத்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதிகள், அகராதிகள் எல்லாவற்றையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து அடுக்கியிருந்தார். அவர் போய்ப் பதினொரு வருஷமாகிறது. அதற்கப்புறம் அந்த அலமாரியைத் துடைப்போமே தவிர, திறந்து படித்தவர்கள் யாரும் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் அலமாரிக் கதவைத் திறந்தால் கீழ்த்தட்டு இரண்டிலிருந்தும் ஒரு புத்தகத்தைக்கூட உருவ முடியவில்லை. காகிதம் தண்ணீரைக் குடித்து ஊதி, ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கவாட்டுப் பலகையை ஆணி பிடுங்கிக் கழற்றிய பிறகுதான் வெளியே வந்தன. மொத்தம் அறுபத்து மூன்று புத்தகங்கள்.

அப்போது எனக்குத் தெரியாமல் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயில் வந்ததும் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பினேன். வெயிலில் அட்டை முறுக்கிக்கொண்டது, தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது, உள்ளே மட்டும் ஈரம் அப்படியே இருந்தது. நனைந்த புத்தகத்தை நிழலில், ஃபேன் காற்றில்தான் காயவைக்க வேண்டும். அட்டையைக் கொஞ்சம் விரித்து நிற்கவைத்து, இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அவ்வளவு சீக்கிரம் காயவைக்க முடியாது என்று தெரிந்தால் பாலித்தீன் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிடலாம். உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கரண்ட்டே இல்லாததால் அந்த வழியும் இல்லை. ஒரு வாரத்தில் அறுபத்து மூன்றில் நாற்பதுக்கு மேல் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி பிடித்துவிட்டன. முகமூடி போட்டுக்கொண்டு அவற்றைத் தனியாகக் கட்டி வெளியேற்றினேன். பூஞ்சை பிடித்ததை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெட்டுவது, தேய்ப்பது எதுவும் வேண்டாம். மூச்சுக்கு ஆகாது.

மீதியில் ஒன்றுதான் என்னை இதில் இழுத்துவிட்டது. கலைக்களஞ்சியத்தில் ஒரு தொகுதி, முழுக்கப் படம் போட்ட வழுவழு ஆர்ட் பேப்பர். அந்தத் தாளின் பளபளப்பு மேலே பூசியிருக்கும் வெள்ளைக் களிமண் பூச்சால் வருவது. நனைந்து காய்ந்தால் பூச்சு பசையாகி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்கவே முடியாது. இந்தத் தொகுதி அப்படியே செங்கல்லாக நின்றது. பழைய பேப்பர் கடை அண்ணன் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எடுத்தா மில்லுல திருப்பி அனுப்பிடுவான்க்கா" என்று கீழே வைத்துவிட்டார்.

அந்தச் செங்கல்லைத் தூக்கிப்போட மனசு வராமல் திண்ணை ஓரத்தில் வைத்திருந்தேன். என் பெண் போனில் சில படங்களைக் காட்டினாள். கி லாராமே என்று கனடாக்காரர் ஒருவர், பழைய கலைக்களஞ்சியங்களைக் குடைந்து மலையும் பள்ளத்தாக்குமாகச் செய்திருந்தார். அமெரிக்காவில் பிரையன் டெட்மர் என்பவர் வேறு மாதிரி. புத்தகத்தின் ஓரங்களைப் பசையால் அடைத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக வெட்டி உள்ளே இறங்குகிறார். வேண்டாததை எடுப்பாரே தவிர, எதையும் இடம் மாற்றுவதில்லை, வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. புத்தகத்தில் எந்தப் படம் எந்த ஆழத்தில் இருந்ததோ அங்கேயே நின்று எட்டிப் பார்க்கிறது. அந்த நியதி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

செங்கல்லை முதலில் எடுத்தேன். சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதிவைத்தேன். எடை இறங்குவது நின்றால்தான் நடுவிலும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பிறகு சின்ன உளியும் உப்புத்தாளும் வைத்து, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, நடுவே வளைந்து போகும் ஓர் ஆற்றைக் குடைந்தேன். 80ஆம் நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220இல் முடித்தேன். ஆற்றின் இரண்டு கரையிலும் பக்கங்கள் வரிவரியாகத் தெரிந்தன, பாறை அடுக்கு போல. நடுநடுவே நீலம், பச்சை, சிவப்பு என்று படங்களின் ஓரங்கள்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னம்மா பண்ற? புத்தகம் கால்ல பட்டாலே கண்ணுல ஒத்திக்கிறோம். நீ உளிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்க" என்றார்கள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்கள். "இது இனிமே பிரியாது அத்தை, படிக்க முடியாது" என்று விரலால் நெம்பிக் காட்டினேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னவோ என்னோடேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் கத்தி வைப்பதற்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, நல்லபடியாகக் காய்ந்திருந்த ஒரு தடித்த எஞ்சினியரிங் புத்தகத்தை எடுத்து டெட்மர் முறையில் முயன்றேன். அதில் மூன்று விஷயம் தவறாகப் போனது. ஃபெவிகாலில் தண்ணீரை அதிகமாகக் கலந்துவிட்டேன். ஓரத்தில் தடவியதும் தாள் ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக நெளிந்தது. ஸ்டேஷனரி கடையில் வாங்கிய உடைத்து உடைத்துத் தள்ளுகிற கட்டரைக் கொண்டு வெட்டினேன். அதன் நுனி அகலம், வளைவில் திரும்பாது, அழுத்தினால் கீழே உள்ள நாலு பக்கத்தையும் சேர்த்து அறுத்துவிடும். மூன்றாவதுதான் பெரிய தப்பு. புத்தகத்தை முதலில் புரட்டிப் பார்க்கவே இல்லை. முப்பது பக்கம் வெட்டி எறிந்த பிறகு, குப்பையில் கிடந்த ஒரு துண்டில் அழகான பாலத்துப் படம் ஒன்றின் பாதி இருந்தது. மற்ற பாதி எந்தத் துண்டில் போனது என்று தெரியவில்லை.

இப்போது செய்கிற விதத்தைச் சொல்கிறேன். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கெட்டி அட்டை, நானூறிலிருந்து அறுநூறு பக்கம், நூல் தைத்த பைண்டிங் வேண்டும். நடுவில் விரித்தால் ஃபாரத்துக்கு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்த ஒவ்வொரு தாள்கட்டிலும், தையல் நூல் தெரியும். வெறும் பசையில் ஒட்டியது என்றால், உள்ளே வெட்ட வெட்டப் பக்கங்கள் பிடி விட்டுக் கழன்றுவரும். தாள் எப்படி என்று பார்க்க, கடைசிப் பக்கத்தின் மூலையை இப்படியும் அப்படியும் மடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மடிப்பில் மூலை கையோடு வந்துவிட்டால் அந்தப் புத்தகம் வெட்டுக்குத் தாங்காது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் தங்கிவிடுகிற லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் சேர்ந்து நாளாவட்டத்தில் அதை மஞ்சளாக்கி மொறுமொறுவென்று ஆக்கிவிடுகின்றன. பழைய தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இப்படித்தான் இருக்கின்றன.

பிறகு ஒரு நோட்டை வைத்துக்கொண்டு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவேன். எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் படம் இருக்கிறது, எந்தச் சொல்லை விட்டுவைக்கலாம் என்று எழுதிக்கொள்வேன். '47, மேல் இடது, சக்கரம். 112, நடு, கப்பல்.' இப்படி. ஒரே இடத்தில் இரண்டு படம் வந்தால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். அப்போது எதை விடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். இதற்கே எனக்கு இரண்டு மூன்று சாயந்திரம் ஆகும். அவசரப்படுவதே இல்லை.

முன் அட்டையைத் திறந்து மடக்கிவிட்டு, மீதிப் புத்தகத்தை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து கிளாம்ப்பால் இறுக்க வேண்டும். மூன்று பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர், அதற்குமேல் வேண்டாம். தட்டைப் பிரஷ்ஷால் மூன்று ஓரத்திலும் மெல்லிசாக ஒரு பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொன்று. கிளாம்ப்பைக் கழற்றாமல் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பலகையில் ஒட்டாமல் இருக்க நடுவில் பாலித்தீன் தாள். மைதாப் பசை வேண்டாம். பைண்டிங்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சி வராமல் இருக்கத்தான். துத்தம் விஷம், வீட்டில் குழந்தைகள் இருக்கிற இடத்தில் அதைக் கையாள்வதை நான் விரும்பவில்லை.

கத்தி விஷயத்தில் எனக்கு வழிகாட்டியவர் சர்ஜிக்கல் கடையில் இருந்த பையன். ஆபரேஷனுக்கு வைக்கும் 11ஆம் நம்பர் பிளேடு, அதை மாட்ட 3ஆம் நம்பர் கைப்பிடி. 11ஆம் நம்பர் ஊசிமுனை மாதிரி கூராக இருக்கும், சின்ன வளைவிலும் திரும்பும். மாட்டும்போதும் கழற்றும்போதும் விரலை வைக்காதீர்கள், கொறடு வையுங்கள். என் இடது ஆள்காட்டி விரலில் நான்கு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. பிளேடைக் கையால் கழற்றிய அன்று கிடைத்தது. அரை மணி நேரத்துக்கு ஒரு பிளேடு மாற்றிவிடுவேன். முனை மழுங்கினால் தாள் அறுபடாமல் கிழிய ஆரம்பிக்கும், கையும் தானாக அழுத்தம் கூட்டும், அப்போதுதான் கீழ்ப்பக்கம் பாழாகும். கழித்த பிளேடுகளை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, நிறைந்ததும் டேப் சுற்றிக் கட்டித்தான் குப்பைக்குக் கொடுக்க வேண்டும். குப்பை பிரிக்கிற அம்மாக்கள் வெறுங்கையால்தான் பிரிக்கிறார்கள்.

வெட்டுவது மெதுவான வேலை. ஒரு தடவையில் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. படத்தைச் சுற்றிக் கோடு போல் இழுத்து, வேண்டாத இடத்தை இடுக்கியால் தூக்கி எடுப்பது. விட்டுவைக்கிற படம் எங்காவது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் தனியாக நின்றால் பிடிமானம் இல்லாமல் விழுந்துவிடும். அப்படி நிற்கவேண்டி வந்தால் பல்குச்சி நுனியில் ஒரு பொட்டு ஃபெவிகால் தொட்டுக் கீழ்ப்பக்கத்தோடு ஒட்டிவிடுவேன். அடியில் இருக்கும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது நோட்டில் எழுதியிருப்பதால், அந்த இடத்துக்கு வரும்போது கை தானாகத் தளர்ந்துவிடும்.

எந்தப் புத்தகத்தை வெட்டலாம் என்பதில் எனக்குக் கறாரான எண்ணம் உண்டு. அது ஒரே நாளில் வந்ததில்லை. பழைய பேப்பர் கடை அண்ணன் எனக்கென்று தடித்த புத்தகங்களை ஒதுக்கிவைக்க ஆரம்பித்திருந்தார். கிலோ கணக்குத்தான். ஒரு நாள் தமிழில் ஒரு பெரிய தொகுதி வந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள், வண்ணப் படங்கள். நான் தேடிக்கொண்டிருந்த மாதிரியே இருந்தது. கிளாம்ப் போட்டு முதல் பூச்சுக்குப் பிரஷ்ஷை எடுத்த பிறகு, ஏதோ தோன்றி முன்பக்கத்தைப் புரட்டினேன். தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்தது. முதல் தொகுதி 1954இல் வந்தது, மொத்தம் பத்துத் தொகுதிகள். தமிழில் அதற்கு முன்னால் அப்படி ஒரு வேலை நடந்ததில்லை. என் கையில் இருந்தது அதில் ஒன்று. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன். கிளாம்ப்பைக் கழற்றும்போது கை நடுங்கியது. விசாரித்துப் பார்த்ததில், திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் ஏழு தொகுதி இருப்பது தெரிந்தது. இது அவரிடம் இல்லாத எண். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நான் கிளம்பும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.

பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்ட கதையை உ.வே.சாமிநாதையர் எழுதியிருக்கிறார். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மரியாதையாக வழியனுப்புவதாகத்தான் நினைத்தார்கள். கலை என்ற பெயரில் நானும் அதே காரியத்தைச் செய்ய இருந்தேன்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்தான் இந்திய நூலகவியலின் தந்தை. 1931இல் அவர் சொன்ன ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. அதைத்தான் நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். ஒரு புத்தகம் கைக்கு வந்தால் முதலில் அதற்கு இன்னும் வாசகர் இருக்கிறாரா என்று தேடுவேன். தமிழ்ப் புத்தகம் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தலைப்பைப் போட்டுப் பார்ப்பேன். அங்கே இல்லை என்றால் கையில் இருப்பது அரிதாக இருக்கலாம், கத்தி படக் கூடாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி பழைய அச்சுகளைக் காப்பாற்றுகிற இடங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு எழுதிக் கேட்கலாம். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற முத்திரை இல்லையென்றால், அது யாரோ திருப்பிக் கொடுக்காத புத்தகம். கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். பக்க ஓரத்தில் யாராவது எழுதியிருந்தால் அதையும் படித்துப் பார்க்க வேண்டும்.

வெட்டலாம் என்று நான் நினைப்பவை: காலாவதியான வரிச் சட்டக் கையேடுகள், பழைய பதிப்புக் கம்ப்யூட்டர் புத்தகங்கள், டெலிபோன் டைரக்டரி, பாதிப் பக்கம் போன அகராதி, எல்லா ஊரிலும் குவிந்து கிடக்கிற ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களின் உதிரித் தொகுதிகள். பிரிட்டானிக்காவே 244 வருஷம் அச்சடித்துவிட்டு 2012இல் அச்சை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த உதிரித் தொகுதிகளை வாங்க இப்போது யாரும் வருவதில்லை. சமயப் புத்தகம் எந்த மதத்தினுடையதாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.

படம் வேண்டும் என்றால் புதுச்சேரி போவேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடுகிற சண்டே மார்க்கெட்டில், துணிக்கும் செருப்புக்கும் நடுவில் பழைய புத்தகங்களைத் தரையில் பரப்பியிருப்பார்கள். அங்கேதான் அந்த பிரெஞ்சு அகராதி கிடைத்தது. லாரூஸ். 1905இலிருந்து வந்துகொண்டிருக்கிற சின்ன லாரூஸின் பழைய பதிப்பு ஒன்று. "சொல்தா வீட்டுலேர்ந்து வந்ததும்மா" என்றார் கடைக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பின் அட்டை இல்லை, கடைசி இருநூறு பக்கத்தில் புழு துளைத்த ஓட்டை. இருந்தாலும் உடனே வெட்டவில்லை. பிரெஞ்சு படித்த தோழி ஒருத்தியிடம் காட்டினேன். "இதைவிட நல்ல பிரதி எத்தனையோ இருக்கு, தாராளமா எடு" என்றாள். அதற்கப்புறம்தான் கிளாம்ப்பை எடுத்தேன்.

எனக்கு பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது. ஆனால் அந்த அகராதியில் பக்கத்துக்குப் பக்கம் நகத்தளவு கோட்டுப் படங்கள். அகர வரிசையில் சொல் வருவதால் படமும் அதே வரிசையில்தான் வரும். மேலாக ஒரு தேனீ. அதற்குக் கீழே திமிங்கிலம். இன்னும் கொஞ்சம் இறங்கினால் ஒட்டகம், அப்புறம் யானை. ஒரு பிளேடு முனை அகலம் கூட இல்லாத தேனீயின் காலை, அச்சுக்கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டு வெட்ட வேண்டும். கோட்டின் மேலேயே வெட்டினால் கால் மங்கலாகிவிடும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கால், விட்டு இன்னொரு கால். ஆறு காலுக்கு ஒரு மணி நேரம்.

சொற்கள் எல்லாம் முடிகிற இடத்தில் ஓர் ஆச்சரியம் இருந்தது. லாரூஸில் பொதுச்சொற்கள் ஒரு பகுதி, ஊர் பேர் ஆள் பேர் இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவே லத்தீன் வாக்கியங்களுக்கென்று கொஞ்சம் பக்கங்கள், ரோஜா நிறத் தாளில். வெட்டிக் கொண்டே இறங்கும்போது பழுப்பு நிறச் சுவரில் திடீரென்று அந்த ரோஜா வரி வந்தது, பப்பாளியைக் கீறினால் நிறம் மாறுகிற மாதிரி. அங்கே சாய்வாக வெட்டி, அந்த வரியை ஒரு விரல் அகலத்துக்குக் காட்டினேன். கடைசியில் முன்பக்கத்தில் இருந்த லாரூஸின் சின்னம், ஒரு பெண் காட்டுப்பூவின் பஞ்சு விதைகளை ஊதுகிற படம், அதை அப்படியே விட்டுவிட்டேன். அவள் ஊதுகிற பக்கமாகத்தான் தேனீயும் மற்றதும் இறங்கிப் போகின்றன. மூன்று மாதம் ஆனது. இதுவரை செய்ததில் எனக்குத் திருப்தியானது அதுதான்.

மாமாவின் சட்டத் தொகுப்புகளில் ஆறு, மேல்தட்டில் இருந்ததால் தப்பித்திருந்தன. ஐம்பது அறுபது வருஷத்துத் தீர்ப்புகள், எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் கிடைப்பவை. ஒன்றை எடுத்து வழக்கம்போல் நோட்டும் கையுமாகப் புரட்டினேன். ஓரங்களில் பென்சிலில் மாமாவின் கையெழுத்து. பெரும்பாலும் கேஸ் எண்கள். ஓரிடத்தில் 'நம்ம கட்சிக்கு உதவாது' என்று எழுதி அடிக்கோடு. இன்னொரு பக்கத்தில், தீர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், 'பெரியவன் ஃபீஸ் 42. பால் பாக்கி 6.' அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "அந்த வருஷம் என் வளையல வச்சுத்தான் ஃபீஸ் கட்டுனது. இத எங்கிட்ட சொல்லவே இல்ல, இங்க எழுதி வச்சிருக்காரு" என்றார்கள்.

அன்றிலிருந்து அந்த ஆறு புத்தகத்தையும் அத்தைதான் புரட்டுகிறார்கள். பென்சில் எழுத்து வருகிற பக்கத்தில் கிழித்த காலண்டர் தாளைச் செருகிவைப்பார்கள். ஐந்தை வெட்டவில்லை. ஒன்றை மட்டும், அவர்களே சொன்னதால், வெட்டினேன். சுற்றிலும் இருக்கிற தீர்ப்பெல்லாம் படிப்படியாக இறங்கி, அடியில் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அந்த ஒரு பென்சில் வரி. பென்சில் அழியாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் பசையோ வார்னிஷோ படவிடவில்லை.

கடலூர், புதுச்சேரி மாதிரி கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் பிளேடு பாக்கெட்டைப் பிரித்த மறுவாரமே துரு பொட்டு வைத்துவிடும், துரு தாளில் பழுப்புக் கறையாக இறங்கும். செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை பிளேடு டப்பாவில் போட்டு வையுங்கள். முடித்த புத்தகத்தைத் திறந்து வைத்தால் ஐப்பசி கார்த்திகையில் ஈரம் இழுத்து உள்ளே வெட்டிய படங்கள் தலை குனிந்துவிடும். மேட் வார்னிஷை மெல்லிசாக இரண்டு தடவை ஸ்பிரே செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. வார்னிஷைப் பிரஷ்ஷால் தடவாதீர்கள், சின்ன விளிம்புகள் மடங்கிவிடும். நேர் வெயில் படுகிற சுவரில் மாட்ட வேண்டாம், ஒரே வருஷத்தில் தாள் மஞ்சளாகும். தாளை அரிக்கிற ராமபாணப் பூச்சி வராமல் இருக்கப் பெட்டியின் மூலையில் வசம்புத் துண்டு ஒன்று போட்டுவைக்கிறேன், ஆடியிலும் தையிலும் மாற்றுவேன். இதுவரை பூச்சி வரவில்லை.

விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். சின்னதாக இரண்டு விற்றிருக்கிறேன். மூன்று மாத வேலைக்கு நாள் கூலி போட்டுப் பார்த்தால் கட்டாது. இதை வருமானத்துக்கென்று ஆரம்பிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதானால் கத்தியே இல்லாமல் ஆரம்பிக்கலாம். பக்கங்களின் ஓரத்தை அளந்து மடித்துக்கொண்டே போனால் பக்கவாட்டில் எழுத்து தெரிகிற மாதிரி வரும். பழைய டைரக்டரி ஒன்று போதும், ஒரு சாயந்திரத்தில் ஒரு 'அ' வந்துவிடும்.

வெட்டி எடுக்கிற துண்டுகள் ஒரு புத்தகத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் சேரும். முதலில் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சாக்கில் கட்டி, பண்ருட்டிப் பக்கம் காகிதக் கூழில் கொலு பொம்மை செய்கிற ஓர் அக்காவுக்கு அனுப்புகிறேன். தாளை ஊறவைத்து அரைத்துத்தான் அவர்கள் பொம்மைக்குக் கூழ் எடுக்கிறார்கள். போன தடவை சாக்கு போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். "வழுவழு தாளைத் தனியா பிரிச்சுக் குடும்மா, அது சரியா ஊற மாட்டேங்குது. உன் சட்டப் புத்தகத்துத் தாள் மட்டும் நல்லாக் குழையுது" என்றார். அடுத்த சாக்கை அப்படித்தான் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட வேண்டும்.